எழுபதும் அதற்கு மேலும்

பாப்பாவுக்கு வயது ஐம்பத்தேழு. முழங்கால் வலி உண்டு, இரண்டு மூக்குக்கண்ணாடி உண்டு, வெளியூரில் குடும்பம் நடத்தும் மகள் உண்டு. ஆனாலும் அண்ணனுக்கும் அண்ணிக்கும் அவள் இன்றுவரை பாப்பாதான். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "பாப்பா வந்துட்டா, தட்டை எடு" என்று அண்ணன் உள்ளே குரல் கொடுப்பார். நாமும் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போவோம்.

அவளுடைய உத்தியோகம் செத்தவர்களைப் படிப்பது. பயப்பட வேண்டாம், காகிதத்தில்தான். ஒருவர் இறந்துபோனால் எதனால் இறந்தார் என்று மருத்துவர் ஒரு சான்று எழுதிக் கொடுக்கிறார் அல்லவா, அந்தச் சான்றுகளெல்லாம் கட்டுக்கட்டாகப் புள்ளிவிவர அலுவலகத்தின் மூன்றாம் மாடிக்கு வந்து சேரும். ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் படித்து, அந்த நோய்க்கென்று வைத்திருக்கும் குறியீட்டை மூலைக் கட்டத்தில் எழுதுவது பாப்பாவின் வேலை. முப்பது வருடமாக அதே மேசை. நாற்காலி மட்டும் மூன்று முறை மாறியிருக்கிறது.

அந்த மாடியில் எல்லோரும் காகிதத்தைக் கீழிருந்து மேலாகப் படிப்பார்கள். சான்றின் முதல் வரியில் கடைசியாக என்ன ஆனது என்று இருக்கும். அதன் கீழே அது எதனால் வந்தது, அதற்கும் கீழே அது எதனால். ஆக, எல்லாவற்றையும் ஆரம்பித்துவைத்த நோய் அடிவரியில் ஒளிந்திருக்கும். மேல் வரியில் பாதி மருத்துவர்கள் 'இதயம் நின்றுவிட்டது' என்று எழுதி வைப்பார்கள். "இதயம் நிக்காம யாரு செத்திருக்காங்க, சொல்லுங்க!" என்று பாப்பா ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது தலையில் அடித்துக்கொள்வாள். எழுத்தோ கோழி கிளறின மாதிரி இருக்கும். அதையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு படித்துவிடுவாள்.

இந்த வேலையில் அவளுக்கென்று ஒரே ஒரு ரகசிய சந்தோஷம் இருந்தது. வருடக் கடைசியில் வரும் ஆண்டறிக்கையில், ரத்தப் புற்றுநோய் என்ற தலைப்பின் கீழே, வயது வாரியாக இறந்தவர்களின் எண்ணிக்கை இருக்கும். அதில் முதல் வரி, பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள். அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம் அந்த வரியில் நாற்பத்தேழு. அடுத்த சில வருடங்களில் நாற்பது, அப்புறம் முப்பத்திரண்டு, இருபத்தொன்று, பதினாறு. போன வருடம் ஒன்பது. புத்தகம் அச்சாகி வந்ததும் மற்றவர்கள் முன்னுரையில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று தேடுவார்கள். பாப்பா நேராக அந்தப் பக்கத்தைத் திருப்பி அந்த ஒரு எண்ணைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு யாருக்கும் தெரியாமல் மூக்கை உறிஞ்சிக்கொள்வாள்.

காரணம் சின்னவன். அண்ணனுக்கும் அவளுக்கும் நடுவில் பிறந்தவன். எட்டு வயதில் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டான். அப்போது பாப்பாவுக்கு ஆறு வயது, அண்ணனுக்கு இருபது. ஒரு மாதம் தினமும் அவனை சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் அண்ணன். கடைசி நான்கு நாள் அவனால் கம்பியில் உட்கார முடியவில்லை. தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அதைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை. சைக்கிளையும் அதற்கப்புறம் அவர் தொடவில்லை.

சைக்கிளை விட்டவர் காருக்குப் போனார். நாற்பத்தைந்து வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். பக்கத்து இருக்கையில் அவருடைய காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும், கற்றுக்கொள்பவர் தடுமாறினால் அவர் மிதிப்பார். தெருவில் அவருக்கு 'பிரேக் மாஸ்டர்' என்றே பெயர். வீட்டு சோபாவில் உட்கார்ந்து டிவியில் யாராவது கார் ஓட்டினால்கூட அவருடைய வலது கால் தரையை அமுக்கும். எழுபத்தொரு வயதிலும் காலையில் ஆறு மணிக்குக் காரைத் துடைத்து வெளியே எடுத்துவிடுவார்.

அந்த மனிதர்தான் இரண்டு மாதமாகத் துவண்டுகொண்டே வந்தார். சட்டை தொளதொளவென்று ஆனது. இரண்டு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிட்டது என்றார். அண்ணி மூக்கால் அழுது, கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ரத்தம் எடுத்தார்கள், இடுப்பெலும்பில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் டாக்டரம்மா மூன்று பேரையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"ரத்தப் புற்றுநோய்தான். ஆனா இது மெதுவா நகர்ற வகை. தினமும் ஒரு மாத்திரை, விடாம சாப்பிடணும். கொஞ்சம் குமட்டும், கால் வீங்கலாம், அதை நாங்க பாத்துக்கறோம். வெள்ளணு ஏறிக்கிட்டே போகுது, அதனால வெள்ளிக்கிழமை வந்து ஆரம்பிச்சிடுங்க. தள்ளிப்போட்டா இது வேகமெடுத்துடும். அப்புறம் மாத்திரைக்கு அடங்காது."

இத்தனை சொன்னாரே, அண்ணன் காதில் விழுந்தது முதல் சொல் மட்டும்தான். அவர் முகத்தில் ஈயாடவில்லை. தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். அண்ணி டீ போட உள்ளே போனாள். அண்ணன் தங்கையைப் பார்த்தார்.

"பாப்பா, டாக்டர் நல்லபடியாத்தான் சொல்வாங்க. அது அவங்க தொழில். சின்னவனுக்கும் நல்லபடியாத்தான் சொன்னாங்க. நீ சொல்லு. செத்தவங்க கணக்கு உன்கிட்ட இருக்கு. செத்தவங்களுக்குப் பொய் சொல்ல என்ன இருக்கு?"

பாப்பா இந்த இடத்தில் 'எனக்குத் தெரியாதுண்ணா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'நாளைக்குப் பாத்துச் சொல்றேன்' என்றாவது நழுவியிருக்கலாம். ஆனால் அவளுக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். கேட்டால் ஒப்பித்துப் பழகிய வாய். அண்ணனிடம் அவள் பொய் சொன்னதும் கிடையாது. சொன்னாலும் பலிக்காது, கண்ணைப் பார்த்தே பிடித்துவிடுவார்.

"பதினஞ்சு வயசுக்குக் கீழ, நாப்பத்தேழு பேர் செத்துக்கிட்டிருந்தாங்க. இப்போ ஒம்போது."

"ஒம்போதா?" என்றார் அண்ணன். "அப்போ சின்னவன் ஒரு அம்பது வருஷம் அவசரப்பட்டுட்டான்."

"ஆமாண்ணா."

"சரி. நடுவயசு?"

"அதுவும் கொறைஞ்சிருக்கு. பாதிக்குப் பாதி."

"எனக்கு?"

"கடைசி வரி. எழுபதும் அதற்கு மேலும்."

"அதுல என்ன?"

"முப்பத்தெட்டு இருந்தது. இப்போ நூத்திப் பன்னெண்டு."

அண்ணன் கையிலிருந்த ஆஸ்பத்திரி ஃபைலை மூடி, நாடாவைக் கட்டி, டிவிக்கு அடியில் வைத்தார். "அவ்வளவுதான் விஷயம். பிள்ளைங்களுக்கு வழி கண்டுபிடிச்சிட்டாங்க, நல்லது. கெழவங்களுக்கு இல்ல. நான் மாத்திரையும் சாப்பிடல, ஒண்ணும் சாப்பிடல. இருக்கற நாளைக் குமட்டாம இருந்துட்டுப் போறேன்."

டீயோடு வந்த அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள். டம்ளரை ணங்கென்று வைத்தாள். வாசல்வரை பாப்பாவைத் தள்ளிக்கொண்டு போய், அடக்கின குரலில் பொரிந்தாள்.

"அந்தத் திருவாயைக் கொஞ்ச நேரம் மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா? டாக்டர் அரை மணி நேரம் தொண்டைத் தண்ணி வத்தப் பேசினாங்க. நீ ரெண்டு நம்பர் சொல்லி எல்லாத்தையும் கவுத்துட்டியே!"

பாப்பாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மறுபடி போனாள். வாசலில் கார் நின்றது. அதற்குள் அண்ணன் தலைகீழாகக் குனிந்து, ஸ்பேனரை வைத்துக்கொண்டு தன் பக்கத்துப் பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். கற்றுக்கொண்டிருந்த நான்கு பேரையும் வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டாராம். காரைச் சாதாரணக் காராக்கி யாருக்காவது கொடுத்துவிடப் போகிறாராம்.

"அண்ணா, மாத்திரை ஒரு மாசம் சாப்பிட்டுப் பாருங்களேன். பிடிக்கலன்னா விட்டுடலாம்."

"உன் புத்தகத்துல நம்பர் மாறிடுச்சா?" அவர் நிமிரவே இல்லை.

"இல்ல."

"மாறினா வந்து சொல்லு."

அண்ணன் கல்லுளிமங்கன் என்பது ஊரறிந்த விஷயம். சண்டை போட்டால் சமாதானம் செய்யலாம். இவர் சண்டையே போட மாட்டார். பாப்பாவுக்கு ஒரு நிமிடம் துர்ப்புத்திகூட வந்தது. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், அது வேறு நோயின் வரி என்று புளுகிவிட்டால் என்ன? ஆனால் அச்சடித்த புத்தகம் ஒன்று அண்ணன் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. தங்கை வேலை பார்க்கும் இடத்துப் புத்தகம் என்று வருடா வருடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார்.

புதன்கிழமை வேலைக்குப் போனது அவள் உடம்பு மட்டும்தான். பதினொரு மணிக்கு மேல் ஒரு சான்று கைக்கு வந்தது. வழக்கம்போல் அடிவரியிலிருந்து ஆரம்பித்தாள். ரத்தப் புற்றுநோய். அண்ணனுக்கு வந்திருக்கும் அதே வகை, அட்சரம் பிசகாமல். கை குறியீட்டை எழுதிவிட்டது. வயதைப் பார்த்தாள்: தொண்ணூற்றொன்று. ஆண்டறிக்கையில் இவர் போய் உட்காரப்போவது கடைசி வரியில், எழுபதும் அதற்கு மேலும்.

சான்றின் வலது ஓரத்தில் ஒல்லியாக ஒரு பத்தி உண்டு. நோய் ஆரம்பித்ததற்கும் இறப்புக்கும் இடையே எவ்வளவு காலம் என்று மருத்துவர் அதில் எழுத வேண்டும். பாதிப் பேர் எழுத மாட்டார்கள். எழுதினாலும் அது எந்தப் புத்தகத்திலும் அச்சாகாது. வரிகள் சரியான வரிசையில் இருக்கின்றனவா என்று சரிபார்ப்பதோடு அதன் ஜோலி முடிந்தது. இந்தச் சான்றை எழுதியவர் எழுதியிருந்தார்: பதினான்கு ஆண்டுகள்.

பாப்பா பேனாவைக் கீழே வைத்தாள். தொண்ணூற்றொன்றில் பதினான்கு போனால் எழுபத்தேழு. எழுபத்தேழு வயதில் இந்த நோய் வந்த ஒரு மனிதர் அதற்கப்புறம் பதினான்கு வருடம் எழுந்து, குளித்து, பேப்பர் படித்து, யாரையோ திட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். எழுபத்தொன்றில் நோய் வந்து ஒரே மாதத்தில் இறந்தவரும் அதே வரியில் ஒன்று, இவரும் அதே வரியில் ஒன்று.

இன்னொன்றும் அப்போதுதான் பொட்டில் அறைந்தாற்போல் உறைத்தது. ரத்தப் புற்றுநோய் என்பது ஒரு நோயே இல்லை. ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் பல நோய்கள். எந்த வகை என்பதைக் குறியீட்டின் கடைசி இலக்கம் சொல்லும். புத்தகம் அச்சடிக்கும்போது இடம் போதாது என்று அந்த இலக்கத்தை வெட்டிவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிவிடுவார்கள். முப்பது வருடமாக அந்தக் கடைசி இலக்கத்தைத் தன் கையால் எழுதிவந்தவள், அண்ணன் கேட்டபோது அது இல்லாத புத்தகத்தை ஒப்பித்திருக்கிறாள்! வேறு யாராவது இந்தத் தப்பைச் செய்திருந்தால் பாப்பா அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

நேராகப் பிரிவு அதிகாரியின் அறைக்குப் போனாள். அவர் அவளைவிட இருபது வயது இளையவர், சுவரெல்லாம் வரைபடம் ஒட்டிவைத்திருக்கும் மனிதர். விஷயத்தை ஒளிக்காமல் சொன்னாள். அவர் உச்சுக்கொட்டினார்.

"மேடம், நீங்க சொன்னது வெறும் எண்ணிக்கை. இந்த முப்பது வருஷத்துல எழுபது தாண்டினவங்களே மூணு பங்கு ஆயிட்டாங்க. நெறைய பேர் இருந்தா நெறைய பேர் சாவாங்க, அவ்வளவுதான். அதோட, அப்பல்லாம் வயசானவங்க செத்தா ரத்தம் எடுத்து யாரு பாத்தா? 'முதுமை'ன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. இப்போ நோயைக் கண்டுபிடிச்சு எழுதறாங்க."

"இதை எங்கண்ணன்கிட்ட சொன்னா, பேச்சு சாமர்த்தியம்னுவார் சார். எனக்கு அந்த ஓரத்துப் பத்தி வேணும். கடைசி அஞ்சு வருஷத்துச் சான்று எல்லாம் பாக்கணும்."

அவர் யோசித்தார். "பேர், விலாசம் எதுவும் வெளிய போகக் கூடாது. வயசு, காலம், இது ரெண்டு மட்டும் எழுதிக்கோங்க. மத்தியானத்துல பாருங்க, உங்க வேலை நிக்கக் கூடாது."

"எப்ப சார் நின்னிருக்கு?" என்றாள் பாப்பா. அவர் அசடு வழியச் சிரித்தார்.

பழைய சான்றுகள் கீழ்த்தளத்தில் ஒரு நீள அறையில் பெட்டி பெட்டியாக இருந்தன. புதன் மத்தியானம், வியாழன் மத்தியானம், வியாழன் சாயங்காலம் ஆறு மணிவரை பாப்பா அங்கேயே கிடந்தாள். தூசியில் தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது. அண்ணனுடைய வகை, எழுபதுக்கு மேல் இறந்தவர்கள், ஓரத்துப் பத்தி நிரப்பப்பட்டவை. கிடைத்தது பத்தொன்பது பேர். ஒப்பிட்டுப் பார்க்கத் தன்னுடைய முதல் வருடத்துப் பெட்டியையும் இறக்கினாள். அதில் இதே வகையில் ஆறு பேர் இருந்தார்கள். மூலைக் கட்டத்திலெல்லாம் தன்னுடைய இளவயதுக் கையெழுத்து. நான்கு மாதம், பதினோரு மாதம், ஒரு வருடம் என்று போய், அதிகபட்சம் இரண்டரை வருடத்தில் நின்றுவிட்டது.

பத்தொன்பதையும் ஒரு முழுநீளத் தாளில் எழுதினாள். நோய் வந்தபோது வயது, இறந்தபோது வயது, இடையில் காலம். எழுதும்போது ஓரிடத்தில் கை நின்றது. எழுபத்திரண்டு வயதில் நோய் வந்த ஒருவர். இடையில் ஐந்து வாரம். இதற்கு ஒரு வரி வேண்டுமா? அண்ணன் கண்ணில் இதுதான் முதலில் படும். பதினெட்டு பேர் என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? பாப்பா அந்தச் சான்றை இரண்டு முறை பெட்டியில் திருப்பி வைத்து, இரண்டு முறை எடுத்தாள். கடைசியில் எழுதினாள், மற்றதைவிடக் கொஞ்சம் தெளிவான எழுத்திலேயே.

அன்று இரவு அண்ணன் வீட்டில் சாப்பாட்டு மேசை விளக்கின் கீழே தாளை விரித்தாள். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து சுவரோரமாக நின்றாள். அவளுக்கு இந்தத் தாளின் மேல் துளி நம்பிக்கை இல்லை. மறுபடி ஏதாவது நம்பர் சொல்லிக் கெடுத்துவிடுவாளோ என்ற பயம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"புத்தகத்துல நம்பர் மாறல," என்றாள் பாப்பா. "ஆனா நான் அதைப் படிச்ச விதம் தப்பு. நீங்க என்னைத் திட்டலாம். ஆனா இதைப் பாத்துட்டுத் திட்டுங்க."

எல்லாவற்றையும் சொன்னாள். வகைகள் ஒன்றாகக் கூட்டப்படுவதை, கடைசி வரிக்குக் கூரையே இல்லை என்பதை, எழுபதும் தொண்ணூற்றொன்றும் அங்கே ஒன்றுதான் என்பதை. அண்ணன் குறுக்கே பேசவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, முதல் வரியிலிருந்து படித்தார்.

"எழுபத்தேழுல வந்து தொண்ணூத்தொண்ணு. பதினாலு வருஷம்... எழுபதுல வந்து எம்பத்திமூணு. பதிமூணு... எழுபத்தொண்ணு. அட, என் வயசு. எம்பது. ஒம்போது வருஷம்..."

அண்ணி சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள்.

விரல் இறங்கிக்கொண்டே போய் நின்றது.

"இவர் அஞ்சு வாரமா?"

"ஆமாண்ணா."

"இந்த மாதிரி எத்தனை பேரு?"

"ஒரு வருஷத்துக்குள்ள போனவங்க மூணு பேர். அஞ்சு வருஷத்துக்கு மேல இருந்தவங்க பதிமூணு. மிச்ச மூணு பேர் நடுவுல."

"அஞ்சு வாரத்துக்காரரை ஏன் எழுதின? விட்டிருந்தா எனக்குத் தெரியவா போகுது?"

"செத்தாரேண்ணா. எப்படி விடறது?"

அண்ணன் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். திங்கட்கிழமைக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சிரித்தது அதுதான் முதல் முறை. அண்ணிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மேசையை முந்தானையால் துடைத்தாள்.

"நல்லவேளை எழுதின. எல்லாமே நல்ல நம்பரா இருந்திருந்தா நான் நம்பாம இந்தத் தாளை அப்பவே மடிச்சிருப்பேன்," என்றார். மறுபடி மேலிருந்து படித்தார். இந்த முறை வாய்விட்டுப் படிக்கவில்லை. படித்து முடித்து, நாற்காலியில் சாய்ந்து, கூரையைப் பார்த்து ஏதோ கணக்குப் போட்டார்.

"பாப்பா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"இந்தப் பத்தொம்போது பேரும் செத்தவங்க."

"ஆமா."

"நூத்திப் பன்னெண்டும் செத்தவங்க."

"ஆமாண்ணா. எங்ககிட்ட செத்தவங்க மட்டும்தானே வருவாங்க."

"அப்போ, இந்த நோய் வந்து மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இன்னும் சாகாம இருக்கறவங்க எந்தப் பெட்டியில இருக்காங்க?"

முப்பது வருடத்தில், லட்சக்கணக்கான சான்றுகளில், இந்தக் கேள்வி பாப்பாவுக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? அவள் மேசைக்கு வராத யாரும் அவளுக்கு எண் ஆனதில்லை. அவள் உலகத்தில் எல்லா நோயும் ஒரே மாதிரித்தான் முடிந்தது, ஏனென்றால் முடிந்த பிறகுதான் காகிதம் வந்தது.

"எந்தப் பெட்டியிலயும் இல்லண்ணா," என்றாள் மெதுவாக. "அவங்க எங்க ஆபீசுக்கே வரமாட்டாங்க."

"அதானே!" அண்ணன் மேசையைத் தட்டினார். அவருக்குப் பழைய குரல் வந்துவிட்டது, ஸ்டீயரிங்கைப் பிடிக்கத் தெரியாதவனை அதட்டும் குரல். "நாப்பத்தஞ்சு வருஷமா கத்துக்கொடுக்கறேன். ஆயிரம் ரெண்டாயிரம் பேர் இருக்கும். விபத்துக் கணக்கை மட்டும் எழுதி மாட்டிவெச்சா ஒருத்தன் கார் கதவைத் திறப்பானா? ஒழுங்கா ஓட்டி வீடு போய்ச் சேர்ந்தவன் பேரை எவன் எழுதறான்? இத்தனை வருஷம் உத்தியோகம் பாக்கற, இது தெரியல உனக்கு."

"தெரியல," என்று ஒத்துக்கொண்டாள் பாப்பா. அவளுக்கு அந்தத் திட்டு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

"எத்தனை பேர் இருப்பாங்க, அந்த வராதவங்க?"

எண் கேட்டால் எண் சொல்லிப் பழகியவள் அவள். "தெரியாதுண்ணா," என்றாள். "நெறைய பேர் இருப்பாங்க. ரொம்ப நெறைய பேர்."

அண்ணன் தலையாட்டினார். கொஞ்ச நேரம் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சின்னவனைத் தூக்கிட்டுப் போனப்போ, வழியில ஒருத்தர்கூட 'எங்க வீட்டுப் பிள்ளைக்கும் இது வந்துச்சு, இப்போ நல்லா இருக்கான்'னு சொல்லல பாப்பா. ஒரே ஒருத்தர் சொல்லியிருந்தாப் போதும். யாரும் இல்ல. அப்போ அப்படி யாருமே இல்ல." ஐம்பத்தொரு வருடமாக வராத அழுகை வந்தது. அண்ணி பக்கத்தில் போய் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் அவரைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டார்கள்.

அழுது முடித்து மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தாளை எடுத்து நான்காக மடித்தார். டிவிக்கு அடியில் இருக்கும் ஃபைலில் வைத்துக்கொள்ளப்போகிறார் என்று பாப்பா நினைத்தாள். அவர் அதை அவள் பக்கமே தள்ளினார்.

"இதை நீயே வெச்சுக்கோ. நான் இதுக்குள்ள வர்றதுக்கு இன்னும் நாளாகும்."

அப்புறம் அண்ணியிடம் திரும்பி, நாளைக்குக் காலை எட்டு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும், அந்த நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வை என்றார்.